முடிவு வருவதற்கு முன் ஒரு வார்த்தை

(நம் சங்கத்தின் கல்வி நாளில் பெற்றோர்களுக்காக ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பொன்விழா மலருக்காக அவரே எழுதித் தந்தது.)





இன்றைய நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தபோது, "பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைப்பது எப்படி என்று பேசுங்கள் டீச்சர்" என்றார் செயலாளர். நான் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கவனிப்பது எப்படி என்பதுதான் நான் பேச வந்திருப்பது. "நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு என்ன கவனிப்பு? அது தானாகவே படித்துக்கொள்ளுமே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு என்பதை என் சொந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

நம் நாட்டு இடைநிலைப்பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் 1996-ஆம் ஆண்டு முதல் இருக்கிறார்கள். நானும் அந்தப் பணியில் இருந்தவள். என் அறைக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள், கழிவறையில் சிகரெட் பிடித்தவர்கள், கைகலப்பில் ஈடுபட்டவர்கள். முதல் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பாடத்திலும் ஏ எடுக்கிற பிள்ளையை ஒரு தடவைகூட யாரும் என்னிடம் அனுப்பியதில்லை. நானும் கூப்பிட்டுப் பேசியதில்லை. அந்தப் பிள்ளைகளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர்கள் படுகிற தொந்தரவு எங்கள் கண்ணில் படவில்லை.

அப்படி ஒரு பிள்ளை என் வீட்டிலேயே இருந்தாள். இங்கே அவளைப் பற்றிப் பேச அவளிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்கம்மா, என் பேரை மட்டும் சொல்லாதீங்க" என்றாள். அதனால் மகள் என்றே சொல்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே அவள் நோட்டுப் புத்தகம் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு எழுத்து பிசகினால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். எண்பது பக்க நோட்டு வருட முடிவில் ஐம்பது பக்கமாக இளைத்திருக்கும். நாங்கள் அதைப் பெருமையாகப் பேசினோம். "பாருங்க, எவ்வளவு பொறுப்பு!" என்று வருகிற விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டினோம். மூன்றாம் படிவத்தில் அவள் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தாள். அவளுடைய அத்தாவுக்கு ஊரில் மளிகைக் கடை. அந்த முடிவுத் தாளை நகலெடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பாராட்டினார்கள். அதன்பிறகு அவள் கடைக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். வயசுப் பிள்ளை, வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம்.

ஐந்தாம் படிவத்தில் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை விளக்கு எரிந்தது. காலையில் வயிற்று வலி என்பாள். கிளினிக்குக் கூட்டிப்போனால் வயிற்றில் ஒன்றும் இல்லை என்பார்கள். தொட்டதற்கெல்லாம் தம்பி மேல் எரிந்து விழுவாள். ஒளூ செய்யப் போனால் திரும்பி வர இருபது நிமிடம். கை சரியாக நனைந்ததா என்று சந்தேகம், மறுபடியும் முதலிலிருந்து. அது பேணுதல் என்று என் மாமியாருக்குச் சந்தோஷம்.

எஸ்.பி.எம்.முக்கு முந்தைய டிரையல் தேர்வில் மலாய்மொழிக் கட்டுரைத் தாள். பள்ளியிலிருந்து எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். தாளில் அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். முதல் வாக்கியத்தை எழுதி அழித்து, எழுதி அழித்து, அழிரப்பர் பட்டுப் பட்டுத் தாளில் ஓட்டை விழுந்திருந்தது. கட்டுரைக்கு என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் வாக்கியம் மனதுக்குத் திருப்தியாக வரும்வரை இரண்டாவதற்குப் போக அவளால் முடியவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

காரில் உட்கார்ந்ததும், ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கு இப்படிப் பயப்படுறே? நீ கெட்டிக்காரி. உனக்கு வராததா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "நான் கெட்டிக்காரி இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னுதான்மா பயமா இருக்கு."

அன்றைக்கு எனக்கு வாய் அடைத்துப்போனது.

சகோதர சகோதரிகளே, இந்தப் பயம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். பாதி நம்மிடமிருந்துதான் வருகிறது. நம்மையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் முன்னோர்கள் இந்த ஊருக்கு என்ன கொண்டு வந்தார்கள்? கடைச் சிப்பந்தியாக வந்தவர்கள், தலையில் துணிமூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக விற்றவர்கள், பால் மரம் வெட்டியவர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் படிப்பு எட்டாக் கனி. துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1954-இல் மகாத்மா காந்தி கலாசாலை இங்கே எழுந்ததற்குப் பின்னால், நம் பிள்ளைகளாவது படிக்க வேண்டும் என்ற அந்தத் தலைமுறையின் தாகம் இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பலர் பட்டணம் போனார்கள். படிப்பு ஒன்றுதான் யாரும் பறிக்க முடியாத சொத்து என்று நாம் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அது உண்மைதான். ஆனால் "படிப்பு உன்னைக் காப்பாற்றும்" என்று நாம் சொன்னது, சில பிள்ளைகளின் காதில் "படிப்பில் தவறினால் நீ தொலைந்தாய்" என்று விழுந்துவிட்டது.

அதோடு ஏ எண்ணுகிற பழக்கமும் சேர்ந்துகொண்டது. தமிழ்ப்பள்ளிகளில் யு.பி.எஸ்.ஆர். முடிவு வந்தால் "7ஏ" எடுத்த பிள்ளைகளின் படங்கள் பத்திரிகையில் வரிசையாக வந்த காலம் நமக்கு நினைவிருக்கும். 2004 எஸ்.பி.எம். தேர்வில் ஜொகூரைச் சேர்ந்த நூர் அமலினா 17 பாடங்களில் ஏ1 எடுத்தார். 2008 தேர்வில் கிளந்தானைச் சேர்ந்த மீனவர் மகள் நிக் நூர் மாடிஹா 20 ஏ எடுத்தார். அபாரமான உழைப்பு, மாஷா அல்லாஹ். அவர்களை நாம் மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணைக் காட்டி எத்தனை வீடுகளில் மற்றப் பிள்ளைகளைக் குத்திப் பேசினோம்? கடைசியில் அரசாங்கமே 2010 முதல் பாடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவ பி.டி.3 தேர்வு 2022-இலும் ரத்தாகிவிட்டன. அழுத்தம் குறைந்தது என்று சொன்னார்கள். சில வீடுகளில் நான் பார்ப்பது வேறு. முன்பு மூன்று இடத்தில் பிரிந்திருந்த பாரம் இப்போது எஸ்.பி.எம். என்ற ஒரே தேர்வின் தலையில் ஏறிவிட்டது.

சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017-இல் எடுத்த ஆய்வில் நம் நாட்டு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்கு மனப்பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. 2022 ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு. இந்த மண்டபத்தில் இருக்கிற பிள்ளைகளை மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். இது யாரோ வீட்டுப் பிள்ளையின் கதையாக இருக்க முடியாது.

உழைப்பும் ஆசையும் நல்லவை. நன்றாகச் செய்ய நினைப்பதும் நல்லது. எங்கே அது நோயாகிறது? ஹெவிட், பிளெட் என்ற கனடா நாட்டு உளவியல் அறிஞர்கள் இருவர் 1991-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். தனக்குத் தானே உயர்ந்த அளவுகோல் வைத்துக்கொள்வது ஒரு வகை. மற்றவர்கள் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இரண்டாவது. "நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்றுக்கொள்வார்கள்" என்று நம்புவது மூன்றாவது. பிள்ளைகளை அதிகம் நோகடிப்பது இந்த மூன்றாவது வகை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் எடுத்த தகவல்களைக் கரன், ஹில் என்ற ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, இந்த மூன்றாவது வகைதான் வேகமாகக் கூடியிருந்தது.

உழைக்கிற பிள்ளை தவறு செய்தால், "அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்" என்று போய்விடும். இந்தப் பிள்ளை தவறு செய்தால், "நானே தவறு" என்று உட்கார்ந்துவிடும். அதுதான் வித்தியாசம்.

உடம்பில் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாம்பைக் கண்டால் நம் உடம்பு என்ன செய்கிறது? இதயம் வேகமாக அடிக்கிறது, கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது, ஓடத் தயாராகிறோம். கேள்வித்தாளைப் பாம்பாகப் பார்க்கிற பிள்ளைக்கும் அதே நடக்கிறது. அந்த நேரத்தில் மூளைக்கு ஓடுவதுதான் வேலை; படித்ததை எடுத்துக் கோத்து எழுதுகிற பகுதி பின்னுக்குப் போய்விடுகிறது. "வீட்டில் எல்லாம் ஒப்பித்தானே, அங்கே போய் மறந்துவிட்டானே" என்று திட்டுகிறோமே, அவன் மறக்கவில்லை. பயத்தில் அவனால் எடுக்க முடியவில்லை. கொஞ்சம் பதற்றம் உதவும், அளவு கூடினால் அதுவே கெடுக்கும் என்று 1908-லேயே அறிஞர்கள் எழுதி வைத்துவிட்டார்கள்.

இது மேல்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த புது வியாதி என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் பிறந்து 934-ஆம் ஆண்டு வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். அச்சம், கோபம், கவலை, திரும்பத் திரும்ப வந்து அரிக்கிற எண்ணமாகிய வஸ்வாஸ் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அதில் பேசியிருக்கிறார். உடம்புக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும், அதற்கும் மருந்து உண்டு என்பது அவர் கருத்து. அவர் சொன்ன ஒரு யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். பதற்றம் வந்தபின் தேடினால் கிடைக்காது. ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மவர் ஒருவர் சொன்னதை, நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று வருந்தினேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம் என்று சொல்ல மாட்டேன். உதவியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் வைத்தியம் பார்த்தோம். அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கேள்விப் படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பிறகு ஈப்போ மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகப் பேச வேண்டும். மனநல மருத்துவர் என்றாலே நம் பேராக் மக்களுக்கு ஒரே ஊர்தான் ஞாபகம் வரும்: தஞ்சோங் ரம்புத்தான். இங்கிருந்து ஈப்போவுக்கு ரயிலில் போகும்போது வழியில் வருகிற ஊர். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால், அந்த ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கிவிட்டோம். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று எத்தனை தடவை விளையாட்டுக்குச் சொல்லியிருப்போம்! அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனக்கு மனம் சரியில்லை என்று எப்படி வாயைத் திறக்கும்? என் மாமியார்கூட, "பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேணாமா?" என்றார். என் கணவர் அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: "அம்மா, உங்களுக்கு இனிப்புநீருக்கு மருந்து எடுக்கிறீங்களே, அது மாதிரிதான் இதுவும்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, மூச்சு. மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தது இது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் உடம்பின் அலாரம் மெல்ல அடங்கும். இதைத் தேர்வு அன்று முதன்முதலாகச் செய்தால் வராது. தினமும் சுபுஹு தொழுதபின் ஐந்து நிமிடம் பழகினாள். அல்பல்கீ சொன்ன மருந்துப் பெட்டி மாதிரிதான்.

மூன்றாவது, அரைகுறையாகக் கொடுக்கப் பழகுவது. கேட்டால் சிரிப்பீர்கள். கட்டுரைக்கு முப்பது நிமிடம் மணி வைப்போம். பேனாவால்தான் எழுத வேண்டும், அழிரப்பர் கூடாது, பிடிக்காத வாக்கியத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். மணி அடித்தால் எப்படி இருந்தாலும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் அழுதாள். நான்காம் நாள் எரிச்சலோடு கொடுத்தாள். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. ஒளூவுக்கும் அப்படித்தான். எங்கள் மதரசா உஸ்தாத் அவளிடம், "ஒரு முறை முறையாகச் செய்துவிட்டால் முடிந்தது. அதன்பிறகு வருகிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே" என்று விளக்கினார். நான் நூறு தடவை சொன்னதைவிட அவர் ஒரு தடவை சொன்னது வேலை செய்தது.

நான்காவது, தூக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். எங்கள் வீட்டில் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்தோம். அவள் விளக்கை மட்டும் அணைத்தால் சண்டை வரும் என்பதால் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தோம். கடைக் கணக்கு எழுதுகிற அவளுடைய அத்தாவும் படுத்துவிட்டார்.

ஐந்தாவது, எங்கள் வாயைத் திருத்திக்கொண்டது. கெட்டிக்காரி என்ற சொல்லை விட்டேன். முல்லர், துவெக் என்ற ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிரைத் தொடப் பயந்தார்கள். ஒரு தடவை தோற்றதும் சோர்ந்துபோனார்கள். "நன்றாக முயற்சி செய்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் அப்படிச் சோராமல் இன்னும் முயன்றார்கள். அதேபோல, எட்டு ஏ வாங்கி வந்த பிள்ளையிடம் "அந்த ஒன்பதாவது என்னாச்சு?" என்று கேட்கிற பழக்கத்தையும் விட்டோம். நம்மில் பலருக்கு அது ஒரு நகைச்சுவை. பிள்ளைக்கு அது தீர்ப்பு.

இதையெல்லாம்விட ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அதை நான் செய்யவில்லை, அவளுடைய அத்தா செய்தார். அவருக்கு உளவியல் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் கடையைத் திறந்ததும், மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த அந்த முடிவுத் தாளை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு பழைய புகைப்படத்தை வைத்தார். பங்கோர் தீவுக் கடற்கரையில், முன்பல் இல்லாமல், முகமெல்லாம் ஐஸ்கிரீம் அப்பிக்கொண்டு ஆறு வயதில் அவள் சிரிக்கிற படம். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் கழித்து உப்பு வாங்க நான்தான் அவளை அனுப்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கடைக்குப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள். "அத்தா, இதுல நான் அசிங்கமா இருக்கேன். ஏன் இதை வெச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றாராம் அவர், தராசைப் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை அவள் கடையிலேயே உட்கார்ந்து, சீனி கட்டிக் கொடுத்துவிட்டு அவரோடு வீடு வந்தாள்.

எஸ்.பி.எம். எழுதினாள். முடிவு வருவதற்கு முதல் நாள் இரவு, சாப்பிட்டு முடித்ததும் அவளுடைய அத்தா ஒரு கைக்கடிகாரத்தை அவள் கையில் கொடுத்தார். "நாளைக்கு என்ன வேணும்னாலும் வரட்டும்மா. இது அதுக்குக் கொடுக்கிறது இல்லை. நீ உழைச்சதை நான் பார்த்தேன், அதுக்கு" என்றார். அவள் அன்றைக்கு அழுத அழுகை டிரையல் தேர்வன்று அழுததைவிடப் பெரிது. ஆனால் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ஏழு ஏ, இரண்டு பி பிளஸ் வந்தது. மலாய்மொழி அந்த இரண்டில் ஒன்று. ஒரு வாரம் முகம் வாடித்தான் இருந்தாள், பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஆறாம் படிவம் போனாள், பல்கலைக்கழகம் போனாள், இன்று அல்ஹம்துலில்லாஹ் வேலையில் இருக்கிறாள். பயம் முழுவதும் போய்விட்டதா? இல்லை. பெரிய காரியம் வந்தால் இன்னும் எட்டிப் பார்க்கும். இப்போது அதை அடையாளம் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் கிழித்து எழுதுவது, ஒரு வேலையைத் தொடங்கவே முடியாமல் தள்ளிப்போடுவது, காரணம் தெரியாத தலைவலியும் வயிற்று வலியும், தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, நல்ல புள்ளி வந்தாலும் சந்தோஷப்படாமல் இருப்பது. தள்ளிப்போடுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சரியாக வராதோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கிறார்கள்.

"நான் இல்லாமல் இருந்தால் நல்லது" என்பது போன்ற பேச்சு வந்தால், அதை மிரட்டல் என்று நினைக்காதீர்கள். பாவம் என்று பயான் செய்யவும் தொடங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே உதவி தேடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. தாலியான் காசே 15999, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஈப்போவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமோ என்று பயந்து மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கல்வி ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அது தொடர வேண்டும். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் விண்ணப்பப் படிவம் எத்தனை ஏ என்று மட்டும்தான் கேட்கிறது; முடிவு வந்தபின்தான் பிள்ளைகளை மேடைக்கு அழைக்கிறோம். அப்போது மேடைக்கு வராத பிள்ளைகள், அடுத்த வருடம் சங்கத்துக்கே வருவதில்லை. இனிமேல் ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால், நம் உறுப்பினர் வீடுகளில் தேர்வு எழுதுகிற எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நாள் அழைப்போம். துஆ ஓதி, நெய்ச்சோறு ஆக்கிப் போட்டு, ஆளுக்கு ஒரு பேனா கொடுப்போம். "நீங்கள் எங்கள் பிள்ளைகள். முடிவு எப்படி வந்தாலும் இந்த வாசல் திறந்திருக்கும்" என்று பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லட்டும். செலவு பெரிதாக இருக்காது. முதல் ஆண்டுப் பேனாக்களை நான் வாங்கித் தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

நம் மார்க்கத்தில் நிய்யத்துக்கு ஓர் இடம் உண்டு. முயற்சி நம் கையில், பலன் இறைவன் கையில் என்று சொல்கிறோம். அதை நம்புகிற நாம், பலனைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை அணைப்போம் என்றால் எப்படி?

இந்த உரையை எழுதி முடித்ததும், தவறு இருக்கிறதா பார் என்று மகளுக்கு அனுப்பினேன். மூன்று இடத்தில் திருத்தி அனுப்பினாள். சிறிது நேரத்தில் நாலாவது திருத்தம் வந்தது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்: "போதும்மா. இதுவே நல்லாத்தான் இருக்கு. போய்ப் பேசுங்க."

நம் பிள்ளைகளுக்கு நல்ல அறிவையும் அமைதியான உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.